வெள்ளை கட்டும் உரிமை

விம்பிள்டனில் ஒரு தேவாலயத்தோடு ஒட்டிய மண்டபம். அதன் பின்பக்கத்துச் சமையலறையில் வசந்தமலர் பெரிய தட்டுகளில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். மனித உரிமை பற்றிப் பேச வருகிறவர்களுக்குப் பசி கொஞ்சம் அதிகம் என்பது அவளுடைய நீண்ட நாள் அனுபவம். கூட்டம் தொடங்கும்போது முன்வரிசைக் கதிரைகள் காலியாகக் கிடக்கும். தேத்தண்ணி நேரம் வந்தால் மட்டும் சமையலறை வாசலில் நிற்க இடம் இருக்காது.

அவளுடைய கணவர் ஆனந்தராஜாதான் இந்தக் கூட்டங்களை நடத்தும் மன்றத்தின் தலைவர். பகலில் கணக்காளர், ஞாயிற்றுக்கிழமைகளில் மனித உரிமை. நாட்டில் பிடிபட்டவர்கள், காணாமற்போனவர்கள் பற்றி எம்.பி.மாரைப் போய்ப் பார்த்துப் பேசுவார். நீதிமன்றங்களில் அகதிகளுக்காகச் சாட்சி சொல்வார். இலண்டன் தமிழர் மத்தியில் அவர் பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது, அதைத் தினமும் காலையில் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கும் இருந்தது.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. அன்றைய விவாதத்துக்குத் தலைப்பு, 'மனித உரிமை எங்கிருந்து வருகிறது?' பரிமாறும் சின்ன யன்னல் வழியாக எல்லாம் வசந்தமலருக்குக் கேட்டது.

முதலில் இளைப்பாறிய ஆசிரியை பியற்றிஸ் எழுந்தார். "மனிசனைக் கடவுள் தன்ரை சாயலாய்ப் படைச்சார். அந்தச் சாயலுக்குக் குடுக்கிற மரியாதைதான் உரிமை. அது மேலையிருந்து வாறது" என்றார்.

தமிழ்நாட்டு டாக்டர் நரசிம்மன் சிரித்தார். "கடவுள் குடுத்தார்னு போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிப் பாருங்க டீச்சர், என்ன நடக்குதுன்னு. சட்டத்துல எழுதி, அதை நடத்தக் கோர்ட் இருந்தாத்தான் உரிமை. இல்லைன்னா அது வெறும் ஆசை."

கடைசியில் ஆனந்தராஜா. அவர் மேடையில் ஏறினால் குரல் ஒரு படி இறங்கிக் கனத்துவிடும்.

"சட்டம் தந்ததைச் சட்டம் பறிக்கும். அதை எங்கடை நாட்டிலை கண்ணாலை கண்டனாங்கள். கடவுள் தந்ததெண்டால், கடவுளை நம்பாதவன் என்ன செய்யிறது? உரிமையை ஒருத்தரும் ஒருத்தருக்கும் தாறதில்லை. அது பிறப்போடை வாறது. தாயின்ரை வயித்திலையிருந்து வரேக்கை கையையும் காலையும் கொண்டு வாறமாதிரி அதையும் கொண்டுதான் வாறம்!"

மண்டபம் கை தட்டி ஓய வெகு நேரம் எடுத்தது. வசந்தமலரும் எண்ணெய்க் கையோடு தட்டினாள். முப்பது வருடம் அந்த மனிதரோடு குடித்தனம் செய்து அவருடைய குறட்டை, கோபம் எல்லாம் தெரிந்த பிறகும் மேடையில் பார்க்கும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் இராஜேந்திரன் சமையலறைக்குள் வந்து, ஒருவரும் கேட்காமலே துடைக்கும் துணியை எடுத்தான். முப்பதை நெருங்கும் வயது. டூட்டிங்கில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. மன்றத்தின் அறிக்கைகளையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவன் அவன்தான். ஊரில் ஆமி பிடித்து அடைத்து வைத்து, முதுகில் அடையாளம் போட்டு அனுப்பியிருந்தது. அவனுடைய அகதி விண்ணப்பத்தை உள்துறை மறுத்துவிட்டது. அப்பீல் விசாரணை அடுத்த மாதம். மன்றத்துக்காக அவன் வெளிப்படையாக வேலை செய்ததை நாட்டில் அறிவார்கள், திருப்பி அனுப்பினால் அவன் கதி அதோகதி என்று மன்றத்தின் தலைவர் வந்து சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியில்தான் அவனுடைய வழக்கு நின்றது.

"அண்ணை இண்டைக்கு என்னமாதிரிப் பேசினார் பாத்தியளோ அக்கா! எனக்கு மயிர் சிலிர்த்துப்போச்சு" என்றான் அவன், கோப்பையைத் துடைத்தபடி.

வசந்தமலர் சிரித்தாள். பிறகு, வாய்ப் பழக்கத்தில், "தம்பி, நீங்களும் எங்கடை ஊர்ப் பக்கம்தானே. ஊரிலை எவடம்?" என்று கேட்டாள்.

வெள்ளைக்காரன் மழையைப் பற்றிக் கேட்பதுபோல யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்பார்கள். எந்த ஊர் என்பது ஒரு கேள்வி. ஊருக்குள் எவடம், எந்த இடம் என்பது வேறு கேள்வி. கோயிலடியா, வாய்க்கால் கரையா, சந்திக்குக் கிழக்கா மேற்கா என்று தெரிந்தால், எதிரில் நிற்கிறவன் என்ன சாதி என்று தெரிந்துவிடும். நேரே கேட்டால் அநாகரிகம். எவடம் என்று கேட்டால் அது விசாரிப்பு, பாசம், ஊர்ப்பற்று. இவ்வளவு நுட்பமாக அழுக்கைத் துணியில் சுற்றி வைக்க நம்மவர்களை விட்டால் ஆள் கிடையாது.

இதே கேள்விக்கு இராஜேந்திரன் மூன்று வருடமாகப் பிடிகொடுக்காமல் நழுவி வந்தவன். "டவுன் பக்கம்" என்பான். "பிறகு வவுனியாவிலை இருந்தனாங்கள்" என்பான். ஆனால் அன்று அவன் காதில் அந்தக் கைதட்டல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"குளத்தடி அக்கா" என்றான். "உங்கடை மாமாவுக்கு எங்கடை அப்புவைத் தெரிஞ்சிருக்கும். கட்டாடிச் செல்லன் எண்டால் எல்லாருக்கும் தெரியும். அவற்றை பேரன்தான் நான்."

ஊருக்குத் துணி வெளுத்தவரின் பேரன். அதைச் சொல்லிவிட்டு அவன் லேசாகச் சிரித்தான், பாரத்தை இறக்கி வைத்தவன்போல.

"அப்பிடியோ" என்றாள் வசந்தமலர். அந்த 'அப்பிடியோ' எப்படி விழுந்தது என்பது இருவருக்கும் தெரிந்தது. அவன் அடுத்த கோப்பையை எடுத்துத் துடைத்தான்.

காரில் வீடு திரும்பும்போது அவள் அதைக் கணவரிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. சொல்லாமல் இருந்தால் நாக்கில் முள் குத்தியதுபோல இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனந்தராஜா சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாய் திறந்தார். "நல்ல பெடியன். அதிலை பிழை சொல்லேலாது. எண்டாலும் வீட்டுக்குள்ளை கொஞ்சம் பாத்து நட."

"பாத்து எண்டால்?"

"அதுதான் சொன்னனே. பாத்து."

பார்த்து என்பதற்கு என்ன பொருள் என்று அடுத்த வாரமே தெரிந்தது. விசாரணை பற்றிப் பேச மன்றக் குழுவினர் டூட்டிங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இராஜேந்திரனும் வந்தான். வசந்தமலர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆனந்தராஜா சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "அவருக்கு அந்தக் கடதாசிக் கோப்பையிலை குடும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய கோப்பைகள் அலுமாரியில் இருந்தன. மஞ்சள் நிறம், பலூன் படம் போட்டவை.

அவள் கொடுத்தாள். நான்கு பேருக்குப் பூப்போட்ட பீங்கான், ஒருவனுக்குப் பலூன். இராஜேந்திரன் கோப்பையைப் பார்த்தான். மற்றவர்களின் கையைப் பார்த்தான். பிறகு சூடு விரலைச் சுட, குடித்து முடித்தான். அவன் அகதி என்பதால் அவனுக்கு என்ன என்ன உரிமைகள் உண்டு என்று ஆனந்தராஜா அப்போது அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு, குப்பைத் தொட்டியில் கிடந்த அந்த மஞ்சள் கோப்பையை வசந்தமலர் பார்த்தாள். கோப்பை தன்பாட்டில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தது அவளுடைய கை. சிங்கில் கையைக் கழுவினாள். கழுவியும் அருவருப்புப் போகவில்லை.

மேல் மாடி அறையில் ஆனந்தராஜாவின் தகப்பனார் படுக்கையாகக் கிடந்தார். எண்பது தாண்டிய மனிதர். இரண்டு வருடமாக அவரைத் துடைத்து, புரட்டி, ஊட்டி வந்தவள் வசந்தமலர். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மறுநாளே ரொறன்ரோவிலிருந்து ஆனந்தராஜாவின் தமக்கை சிவமலர் வந்து இறங்கினாள். வந்தவள் தகப்பனுக்காக அழுதது கொஞ்சம். ஏற்பாடுகளில் குறை கண்டது அதிகம்.

"பெட்டி வீட்டை வரேக்கை வெள்ளை கட்ட வேண்டாமோ? எங்கடை ஐயா வெறும் சீலிங்குக்குக் கீழை கிடந்து போறதோ? ஊரிலை எண்டால் கட்டாடி வந்து வீடு முழுக்க வெள்ளை கட்டி, ரோட்டு மட்டும் நிலத்திலை பாவாடைத் துணி விரிப்பான்" என்றாள்.

"இது லண்டன் அக்கா. கடையிலை ரெண்டு வெள்ளைப் பெட்சீற் வாங்கி நான் குத்தி விடுறன்" என்றார் ஆனந்தராஜா.

"நீ கட்டுறதோ? நல்ல கதை! அதுக்கெண்டு ஆள் இருக்கு. ஆர் கண்ட பாட்டிலை கட்டுறதெண்டால் அது பந்தல், வெள்ளை இல்லை."

ஆனந்தராஜா தாடையைச் சொறிந்தார். பிறகு, "ஆள் இருக்கு" என்றார். "செல்லன்ரை பேரன் இஞ்சைதான் இருக்கிறான்."

வசந்தமலர் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். தான் காரில் வைத்துச் சொன்ன சொல் நடந்து வந்து சமையலறை வாசலில் நிற்பதை அவள் கண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை படிச்சது. மன்றத்திலை உங்களோடை நிண்டு வேலை செய்யிறது. நாலு சனத்துக்கு முன்னாலை வைச்சு அதை…"

"என்ன செய்யிறம்? கூலிக்கோ கூப்பிடுறம்? குறைவாயோ நடத்துறம்?" ஆனந்தராஜாவுக்குக் குரல் மேடைக் குரலாகிவிட்டது. "வெள்ளை கட்டுறது அவையின்ரை உரிமை. ஊரிலை வேறை ஒருத்தன் கட்டினால் அவையளே சண்டைக்கு வருவினம், தெரியுமோ உமக்கு? உரிமையை ஒருத்தரும் ஒருத்தருக்கும் தாறதில்லை. அது பிறப்போடை வாறது!"

அதே சொல். ஒரு எழுத்துக் கூடப் பிசகவில்லை. விம்பிள்டன் மண்டபம் எழுந்து நின்று கை தட்டிய அதே வசனம், அதே வாயிலிருந்து, இப்போது ஒருவனை ஏணியில் ஏற்றுவதற்காக வந்து விழுந்தது. வசந்தமலர் அவருடைய உதட்டைப் பார்த்தாள். கடைவாயில் கொஞ்சம் எச்சில் நின்றது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வாயைப் பார்க்க அவளுக்கு அருவருத்தது.

இராஜேந்திரனுக்குப் போன் எடுத்து, வராதே என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். போன் நடைக்கூடத்தில் இருந்தது. பக்கத்துக் கதிரையில் சிவமலர் நாள் முழுக்கக் குந்தியிருந்தாள். சொல்லத்தான் போகிறேன், சொல்லத்தான் போகிறேன் என்று அந்த நாள் போனது. அவன் தானாகவே மாட்டேன் என்று சொல்லிவிடுவான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கோழைகள் எல்லோருக்கும் இப்படி ஒரு தேறுதல் கையில் இருக்கும்.

செத்தவீட்டு நாள் காலை, வாசல் முழுக்கச் சப்பாத்துகள். முன்னறையில் தளபாடங்களை ஒதுக்கி, பெட்டியை வைத்திருந்தார்கள். ஐயர் வந்து தன் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். இராஜேந்திரன் மன்றத்தின் பெயர் எழுதிய மலர்வளையத்தோடு வந்தான். கறுப்புக் கோட், கறுப்புக் கழுத்துப்பட்டி. விசாரணைக்குப் போடவென்று பழைய உடுப்பு விற்கும் தர்மக் கடையில் தேடி வாங்கிய சூட் அது. தோள் கொஞ்சம் பெரிது.

அவன் பெட்டியைக் கும்பிட்டுவிட்டு நிமிரும் முன்னமே ஆனந்தராஜா அவன் தோளில் கை போட்டுச் சமையலறைக்குள் கூட்டி வந்தார். மேசையில் புதுப் பெட்சீற் இரண்டு, மடிப்புக் கலையாமல் கிடந்தன. பக்கத்தில் குத்தூசிப் பெட்டி. வசந்தமலர் தேத்தண்ணிப் பானைக்கு அருகே நின்றாள்.

"தம்பி, ஒரு உதவி. ஐயாவுக்கு வெள்ளை கட்டோணும். உம்மடை அப்பு எங்கடை வீட்டிலை எத்தினை தரம் கட்டினவர். இண்டைக்கு அந்த உரிமை உமக்குத்தான்."

இராஜேந்திரனுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது.

"அண்ணை, எனக்கு உது பழக்கமில்லை. எங்கடை அப்புவோடை உதெல்லாம் விட்டாச்சு."

"பழக்கம் என்ன பழக்கம்? ரத்தத்திலை இருக்கிறதுதானே!" ஆனந்தராஜா சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை உம்மடை கேஸ் எல்லோ? செத்தவீட்டுத் துடக்கோடை நான் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடியுமட்டும் வெளிக்கிடப்படாது. எண்டாலும் உமக்காக வாறதெண்டுதான் இருக்கிறன். நீரும் எங்களுக்கெண்டு ஒண்டு செய்யத்தானே வேணும்."

இதைவிடச் சுத்தமாக ஒரு மனிதனின் கழுத்தில் கத்தி வைக்க முடியாது. இரத்தம் வராது, குரல் உயராது, தோளில் போட்ட கை எடுக்கப்படாது. ஊரில் இவனை அடைத்து வைத்த ஆமிக்காரன்கூட நான் உன்னை அடிப்பது உன் உரிமை என்று சொல்லியிருக்க மாட்டான்.

இராஜேந்திரன் வசந்தமலரைப் பார்த்தான். அது உதவி கேட்கிற பார்வை இல்லை. 'நீங்கள்தானே கேட்டீர்கள்' என்று மட்டும் அது சொன்னது. பிறகு கோட்டைக் கழற்றினான். கசங்காமல் இருக்க உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துக் கதிரையில் வைத்தான்.

"ஏணி எங்கை அண்ணை?" என்றான்.

முன்னறையில் சனம் விலகி வழி விட்டது. சிலர் ஒருவருக்கொருவர் காதுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சிவமலரின் முகத்தில் திருப்தி. அவன் முதல் படியில் காலை வைத்தபோது அந்த அறையில் இருந்த டாக்டர்கள், எஞ்சினியர்கள், கணக்காளர்கள் ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவில்லை. பாதிப்பேர் மன்றத்தின் உறுப்பினர்கள். போன கூட்டத்தில் ரோல்ஸ் தின்றவர்கள்.

வசந்தமலர் சமையலறையிலிருந்து வந்தாள். நேரே போய், அவன் கையில் இருந்த பெட்சீற்றைப் பிடித்தாள்.

"தம்பி, ஏலாது எண்டு சொல்லுங்கோ."

அவன் அவளைப் பார்த்தான்; ஆனந்தராஜாவைப் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லேலாது, என்ன? வியாழக்கிழமை இருக்கு." அவள் துணியை இழுத்து எடுத்துக்கொண்டாள். "அப்ப நான் சொல்லுறன். இந்தப் பிள்ளைக்கு ஏலாது. இறங்குங்கோ தம்பி. நான் கட்டுறன்."

"உனக்கென்ன விசரே?" சிவமலர் எழுந்துவிட்டாள். "பொம்பிளை வெள்ளை கட்டுறதோ? அதுவும் வீட்டு மருமகள்! எங்கடை மானம் மரியாதை…"

வசந்தமலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். "மச்சாள், ரெண்டு வருசமாய் ஐயாவின்ரை பீ மூத்திரம் அள்ளினது நான். அப்ப அது ஆற்றை உரிமை எண்டு ரொறன்ரோவிலையிருந்து ஒருத்தரும் போன் எடுத்துக் கேக்கேல்லை. கட்டாடியைக் கூப்பிடுங்கோ எண்டும் சொல்லேல்லை. இண்டைக்குத் துணி கட்டத்தான் ஆள் தேடுறியளோ?"

ஆனந்தராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "மலர், இறங்கும். சனம் பாக்குது" என்றார்.

"பாக்கட்டும். கடவுள் தந்ததோ, சட்டம் தந்ததோ, பிறப்போடை வந்ததோ எண்டு போன கூட்டத்திலை கேட்ட சனம்தானே? மறுமொழியையும் பாத்திட்டுப் போகட்டும்." அவள் ஒரு மூலையைக் குத்தினாள். சொரசொரப்பான சீலிங்கில் குத்தூசி வளைந்தது. இன்னொன்றை எடுத்தாள். "இன்னொண்டு. வியாழக்கிழமை நீங்கள் கோர்ட்டுக்குப் போறியள். துடக்கு, கிடக்கு எண்டு சொன்னால், அடுத்த கூட்டத்திலை நான் மேடையிலை ஏறுவன். இண்டைக்கு ஏணியிலை ஏறின மாதிரி."

வெள்ளை கோணலாகத்தான் நின்றது. நடுவில் தொய்ந்து, ஒரு பக்கம் ஐயரின் தலையைத் தொட்டது. ஐயர் அதை விலக்கிக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். பெரியவர் அதன் கீழே நிம்மதியாகத்தான் கிடந்தார். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இராஜேந்திரன் கோட்டைப் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் நின்று, பெட்டி வெளியேறும்வரை இருந்துவிட்டுத்தான் போனான்.

வியாழக்கிழமை ஆனந்தராஜா போனார். மனம் மாறிப் போனாரா என்று கேட்டால், இல்லை. மேடை பறிபோய்விடுமோ என்று பயந்து போனார். வசந்தமலரும் கூடப் போய் விசாரணை அறையின் பின்பக்கத்தில் இருந்தாள். இராஜேந்திரன் அதே சூட்டில் முன்னால் இருந்தான்.

இவரை உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று நடுவர் கேட்டார். ஆனந்தராஜா தொண்டையைச் செருமினார். நல்ல ஆங்கிலத்தில், கண் லேசாகக் கலங்க, "இவர் எனக்கு மகன் மாதிரி. என் வீட்டில் ஒரு பிள்ளை" என்றார்.

வசந்தமலர் கைலேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, பாவம் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். அழுகை ஒன்றும் வரவில்லை. வாந்தி வராமல் இருக்கத்தான் அவள் பொத்தியிருந்தாள். ஆனாலும் ஒன்று அவளுக்குத் தெரிந்தது: அந்தப் பொய்யான வாயிலிருந்து வந்த உண்மையான சாட்சி அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆனந்தராஜா ஒழுங்காகவே சொல்லி முடித்தார்.

தீர்ப்புப் பிறகு தபாலில் வரும் என்றார்கள். மூவரும் வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றார்கள். கறுப்புக் கோட்டில் தூறல் பொட்டுப்பொட்டாக விழுந்தது. ஆனந்தராஜா பெரிய காரியம் முடித்த களையோடு இராஜேந்திரனின் தோளில் கை போட்டார்.

"உம்மடை பக்கம்தான் தம்பி வெல்லும். நான் சொன்ன விதம் அப்பிடி. ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும். அடுத்த கூட்ட அறிக்கையை இங்கிலீசிலை எழுதோணும். நடந்ததையெல்லாம் மனசிலை வைச்சிருக்காதையும், என்ன?"

இராஜேந்திரன் அந்தக் கையை, மரியாதையாகவே, தோளிலிருந்து எடுத்து விட்டான்.

"ஏலாது அண்ணை" என்றான்.

"ஏன், ஷிப்ட் இருக்கோ?"

"ஷிப்ட் இல்லை. ஏலாது. அவ்வளவுதான்."

பஸ் வந்தது. அவன் வசந்தமலரின் பக்கம் திரும்பி, "போட்டு வாறன் அக்கா" என்றான். அவளுக்கு எத்தனையோ சொல்ல இருந்தது. கோப்பையைப் பற்றி, காரில் சொன்னதைப் பற்றி. "பிழை எங்களிலைதான் தம்பி" என்பது மட்டும்தான் வந்தது. அவன் தலையை ஆட்டினான். ஏற்றுக்கொண்டானா இல்லையா என்று காட்டவில்லை. ஏறி மேல் தட்டுக்குப் போய்விட்டான். எவடத்தில் இறங்குவான் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

"பாத்தீரோ?" ஆனந்தராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேலை முடிஞ்சுது, ஆள் மாறியாச்சு. உதுதான் அவங்கடை புத்தி. நன்றி கெட்ட சாதி!"

"வாயை மூடுங்கோ" என்றாள் வசந்தமலர். அவள் கத்தவில்லை. "நீங்கள் மேடை போட்டு, மைக் கட்டித் தேடின சாமான் உதுதான். இப்ப உங்கடை கண்ணுக்கு முன்னாலை பஸ் ஏறிப் போகுது, உங்களுக்கு அடையாளம் தெரியேல்லை. ஒருத்தன் 'ஏலாது' எண்டு சொல்லிப்போட்டு, தனக்கு ஒண்டும் நடக்காதெண்டு தலை நிமிந்து போகலாமெண்டால் அவனுக்கு உரிமை இருக்கு. சொல்லேலாதெண்டால், அதுக்கு நீங்கள் என்ன பேர் வைச்சாலும் அது அடிமைத்தனம். உரிமை எங்கையிருந்து வருதெண்டு இனிக் கூட்டம் வைக்காதேங்கோ. எங்கையிருந்து வந்தாலும் அதை வாசலிலை மறிச்சு, நீ ஊரிலை எவடம் எண்டு கேக்கிறது நாங்கள்தான். முதலிலை நாங்கள் வழி விடுவம்."